மேல்கணக்கு

கலாராணி எம்.பி. ஆன பிறகும் தோட்டத்துச் சனத்துக்கு அவள் டீச்சர்தான். ஹாலிஎலைக்கு மேலே குருவிமலைத் தோட்டத்துக் கீழ்கணக்கு லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு, எதிர்க்கட்சிப் பட்டியலில் நின்று ஜெயித்தவள். ஜெயித்த அன்றைக்குப் பட்டாசு கொளுத்தினவர்கள் மறுநாளே வாசலில் வந்து நின்றார்கள். ரோடு இல்லை, தண்ணி இல்லை, பஸ் பாதியிலேயே திரும்பிப் போய்விடுகிறது. எதிர்க்கட்சி எம்.பி. என்னத்தைக் கிழிக்க முடியும், கேள்விதான் கேட்க முடியும். அதை விளக்கிச் சொன்னாலும் சனம் விடாது. "கேளுங்க டீச்சர், கேட்டாத்தானே குடுப்பானுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

மீனாம்பாளும் அப்படித்தான் வந்தாள். குருவிமலை மேல்கணக்கில் கொழுந்து பறிக்கிறவள். தோட்டத்தில் மேல்கணக்கு என்றால் மலையின் மேல் பிரிவு, கீழ்கணக்கு என்றால் கீழ்ப் பிரிவு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இப்படித்தான் வழக்கம். மலையில் பிறந்த யாரும் அந்த வார்த்தையை நின்று யோசித்துப் பார்ப்பதில்லை, கலாராணி உட்பட.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு மீனாம்பாள் பேசினாள். மேல்கணக்கு டிஸ்பென்சரியை அரசாங்கம் எடுத்துக்கொண்டு நெடுநாளாகிறது. அங்கே இருந்த மருந்துக்காரர் பென்சன் வாங்கிப் போனார், பதிலுக்கு ஆள் வரவில்லை. போன மழைக்காலத்தில் அவள் புருசன் அழகையாவுக்கு நெஞ்சடைத்தது. டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. கம்பிளியில் தூளி கட்டி, கம்பில் மாட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்கினார்கள். பாதி வழியில், தேயிலை ஸ்டோர் முடக்கு வளைவிலேயே உயிர் போய்விட்டது.

"மருந்துக்காரரு இருந்திருந்தா நாக்குக்கு அடியில வைக்கிற அந்தக் குளிசையாச்சும் குடுத்திருப்பாரு" என்றாள். அழவில்லை. அழுது ஓய்ந்த முகம் அது. "போனது போயிருச்சு டீச்சர். இப்ப எம் மக துஷ்யந்தி புள்ளத்தாச்சியா இருக்கா. பிரெஷர் வேற ஏறிக்கிட்டே போகுது. புள்ளத்தாச்சிகளப் பாக்குற மிஸ்ஸி புதன்கெழமையில வந்து முன்னறையத் தொறந்து பாக்குது. மத்த நாள்ல ஒன்னுன்னா யாரு இருக்கா? அவ பெத்துப் பொழைக்கிறதுக்குள்ள அங்க ஒரு மருந்துக்காரரு வந்து உக்காரணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

"கேக்குறேன்க்கா. கட்டாயம் கேக்குறேன்" என்றாள் கலாராணி. மீனாம்பாள் போன கையோடு உட்கார்ந்து, பாராளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வியைத் தன் கையாலேயே எழுதினாள். குருவிமலைத் தோட்டம், மேல்கணக்கு மருந்தகம் மூடப்பட்டிருப்பது ஏன் என்று தொடங்கினாள். மனசில் சூடு இருந்ததால் பேனா தடையில்லாமல் ஓடியது. சிங்கள மொழிபெயர்ப்பு சரிபார்க்கச் சொல்லி வந்த அன்றைக்கு அவள் ஒரு சாவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாசித்துப் பார்க்காமல், ஓடுகிற வாகனத்திலேயே ஒப்பம் வைத்து அனுப்பிவிட்டாள்.

கேள்வி வந்த நாளில் அமைச்சர் எழுந்து பதிலை வாசித்தார். அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டவில்லை. "குருவிமலை மருந்தகத்துக்கு மேல்கணக்கு என்று ஒரு கணக்குக் கிடையாது. அதற்கு இருப்பது ஒரே கணக்குத்தான். அது மூடப்படவும் இல்லை. கௌரவ உறுப்பினர் எந்தப் புத்தகத்தைப் பார்த்தாரோ தெரியவில்லை." ஆளும் கட்சிப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

கலாராணிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. மேல்கணக்கில் இருக்கிற மருந்தகம், மொழிபெயர்ப்பில் மருந்தகத்தின் மேல்கணக்கு ஆகியிருக்கிறது. மலை போய் வரவு செலவு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐயோ, ஒப்பம் என்னுடையதுதானே. பரவாயில்லை, மேலதிகக் கேள்வி ஒன்று கேட்க இடம் உண்டு. ஒரே வாக்கியத்தில் நேராக்கிவிடலாம்.

பக்கத்தில் இருந்த ஜெயராசா குனிந்தார். பதுளை பசாரில் நகைக்கடைக் குடும்பம், அவளுடைய கட்சியிலேயே மூத்த எம்.பி., அவளுக்குப் பட்டியலில் இடம் வாங்கிக் கொடுத்தவர். "தங்கச்சி, மனுசன் தானா வந்து மாட்டுறாரு. விடாதீங்க. மேல்கணக்க முழுங்கினது யாருன்னு கேளுங்க."

"அண்ணே, இது அந்தக் கணக்கு இல்ல. மேல் டிவிசன்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். நாட்டுக்குத் தெரியுமா? எந்திரிங்க."

அவள் எழுந்தாள். எதிரே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கெடுத்தது. இத்தனை காலமும் தோட்டக்காட்டான் என்று சொல்லிச் சிரித்த அத்தனை சிரிப்பும் அதில் கேட்டது. "கணக்கே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் குருவிமலையின் மேல்கணக்கை விழுங்கியது யார்? மருந்தில்லாமல் என் மக்கள் சாகிறார்கள், அமைச்சர் சிரிக்கிறார்" என்றாள். எதிர்க்கட்சி மேசைகள் அதிர்ந்தன. அமைச்சரின் முகம் சுண்டிப்போனது. அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லையே என்று பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வார்த்தை வார்த்தையாகப் பார்த்தால் பொய் இல்லைதான். சேர்த்துப் பார்த்தால் பச்சைப் பொய்.

செய்தியில் அவள்தான், போன் போனாகச் சுற்றிய வீடியோவிலும் அவள்தான். பதுளை பசாரில் இறங்கினால் கடைக்காரர்கள் வெளியே வந்து கை கொடுத்தார்கள். கட்சித் தலைவரே கூப்பிட்டுப் பாராட்டினார். அந்த இனிப்பு வாயில் இருக்கும்போது யாருக்குத்தான் மேல் டிவிசன் ஞாபகம் வரும்? தலைவர் குரல் கேட்டபோது அவளுக்கும் வரவில்லை. அடுத்த வாரம் மலைக்கு ஏறிப் போய்ச் சனத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியபோது, கொஞ்சம் பெருமையாகத்தான் போனாள்.

அன்றைக்குப் புதன்கிழமை. மேல்கணக்கு டிஸ்பென்சரி வாசலில், தூறலில், புள்ளத்தாச்சிப் பெண்களும் கைக்குழந்தைக்காரிகளும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். கதவில் புதுச் சங்கிலி. அதன் மேலே அரக்கு வைத்துச் சீல் பண்ணியிருந்தது. குடும்பநல மிஸ்ஸி ஸவாஹிரா குடையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றிருந்தாள்.

"விசாரணையாம், டீச்சர். கணக்குல களவு நடந்திருக்குன்னு மேலிடத்துல இருந்து வந்து பூட்டிட்டாங்க. முடியுற வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாதாம். தராசு உள்ள, பிரெஷர் பாக்குற மெசின் உள்ள. நான் எதை வச்சுப் பாக்குறது?"

 மதகுக் கல்லில் துஷ்யந்தி உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு இருந்தாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, தலை இடிக்கிறது என்றாள். பக்கத்தில் நின்ற மீனாம்பாள் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நீங்க பேசுனத எல்லாரும் போன்ல காட்டுனாங்க டீச்சர். நல்லா பேசுனீங்க. ஆனா என்ன களவு அது? மருந்துக்காரரக் காணோம்னுதானே நான் கேக்கச் சொன்னேன்."

 கலாராணி துஷ்யந்தியைத் தோளில் பிடித்து எழுப்பி, தன் வாகனத்தில் படுக்க வைத்தாள். மலை ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தப் பிள்ளை பல்லைக் கடித்தது. பின்னால் மீனாம்பாள், முருகா, முருகா என்று முனகிக்கொண்டே வந்தாள். பதுளை பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். ஊசி போட்டு வார்டில் வைத்துக்கொண்டார்கள். கட்டில் இல்லை, இரண்டு பேருக்கு ஒரு கட்டில்.

ஆஸ்பத்திரி நடையில் நின்று கலாராணி ஜெயராசாவுக்குப் போன் எடுத்தாள். "அண்ணே, நான் எந்திரிச்சு உண்மையச் சொல்லப் போறேன். அது கணக்கு இல்ல, மலைன்னு."

"விசர் புடிச்சிருக்கா தங்கச்சி? கட்சி முழுக்க உங்க பேச்ச வச்சுத்தான் ஓடுது. விசாரணை நடக்கட்டும். ஒன்னும் இல்லேன்னா தானா தொறப்பாங்க."

"எப்ப தொறப்பாங்க அண்ணே?"

"அது அவங்க பாடு. சீல் வச்சது அவங்க, நாம இல்ல. இப்ப நீங்க வாயத் தொறந்தா உங்களுக்கு அடுத்த தடவ இடம் இல்ல. என்னாலகூட ஒன்னும் பண்ண ஏலாது." மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அவர் சொன்னது நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். இரண்டாவது தடவை பட்டியலில் இடம் இல்லாத தோட்டத்துப் பொம்பளையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போவதில்லை. மறுபடி கறுப்புப் பலகை, வெண்கட்டி. வார்டு வாசலில் மீனாம்பாள் சுவரோரம் குந்தியிருந்தாள், மகளின் செருப்பைக் கையில் பிடித்தபடி.

அடுத்த அமர்வில் விசேட கூற்று என்று அனுமதி வாங்கி எழுந்தாள். இந்தத் தடவை யாருடைய மொழிபெயர்ப்புக்கும் விடவில்லை, சிங்களத்திலேயே பேசினாள்.  மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கள் தோட்டங்களில் கணக்கு என்றால் காசு இல்லை. மலை. மேல்கணக்கு என்பது மேல் மலை. அதில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். நான் எழுதியதில் தெளிவில்லை. மொழிபெயர்ப்பைப் பார்க்காமல் ஒப்பம் வைத்தது என் பிழை. பிழை என்று தெரிந்த பிறகும் அன்று களவு என்று பொருள்பட்டுப் பேசியது அதைவிடப் பெரிய பிழை. அங்கே களவு நடக்கவில்லை. தயவுசெய்து அந்தக் கதவைத் திறந்து விடுங்கள்."

 சபையில் சிரிப்பு எழுந்தது. போன தடவையைவிடப் பெரிய சிரிப்பு. அவளுடைய பக்கத்து மேசைகளில் ஆளாளுக்குத் தாளைப் புரட்டிக்கொண்டு இருந்தார்கள். ஜெயராசா எழுந்து வெளியே போய்விட்டார்.

அமைச்சர் சாவகாசமாக எழுந்தார். "அப்படியானால் கௌரவ உறுப்பினர் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குகிறாரா?"

"களவு என்று சொன்னதை வாங்குகிறேன். மருந்துக்காரர் இல்லை என்பதை வாங்கவில்லை. போன மழைக்கு அழகையா என்று ஒருவர் பாதி வழியில் செத்தார். போன புதன்கிழமை அவருடைய மகள் சாகக் கிடந்தாள். அதற்கு அமைச்சர் இன்னும் பதில் சொல்லவில்லை."

ஆராய்ந்து பார்ப்பதாக அமைச்சர் சொன்னார். எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்ன வார்த்தையோ அது. அவள் உட்கார்ந்தாள்.

கணக்குத் தெரியாத கணக்கு டீச்சர் என்று போட்டு அந்த வீடியோவும் போன் போனாகச் சுற்றியது. சுகாதாரச் செலவு விவாதத்தில் அவளுக்கு என்று வைத்திருந்த நேரத்தைக் கட்சி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. பசாரில் கை கொடுத்த கடைக்காரர்கள் இப்போது கல்லாவில் குனிந்துகொண்டார்கள். வீட்டில் சமைக்கவும் மனசில்லாமல் உட்கார்ந்திருந்தபோது மீனாம்பாள் போனில் வந்தாள்.

"டீச்சர், நீங்க தோத்துட்டீங்கன்னு கடையில பேசிக்கிறாங்களே, மெய்தானா?"

"ஆமாக்கா. தோத்துத்தான் போனேன்."

"சீல ஒடச்சு உட்டுட்டாங்க. இன்னைக்கு மிஸ்ஸி உள்ள உக்காந்து பாக்குது. துஷ்யந்தியயும் துண்டு வெட்டி வூட்டுக்கு அனுப்பிட்டாங்க, பிரெஷர் எறங்கிருச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மருந்துக்காரரு வருவாரா?"

வந்துவிடுவார் அக்கா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அரசியலுக்கு வந்த பிறகு பழகிப்போன பதில் அது. "தெரியலக்கா. இன்னும் ஆள் போடல" என்றாள்.

"அப்ப திரும்பக் கேப்பீங்களா, இல்ல சிரிக்கிறானுங்கன்னு விட்டுருவீங்களா?"

"கேப்பேன்."

"கேளுங்க. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க. எங்க அவரத் தூக்கிக்கிட்டு எறங்குன அன்னைக்கு, ஏன்னு கேக்க எங்களுக்கு ஒரு ஆளும் இல்ல டீச்சர்."