முகவரி சரி, பாலம் தவறு

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, லிஃப்டில் கிடைத்தது.

பினாங்கின் டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி லிஃப்ட் ஒன்பதாம் மாடியை எட்டுவதற்குள் ஓர் ஆள் தன் முழு வாழ்க்கையையும் சொல்லி முடித்துவிடலாம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணி இருக்கும், எதிர்வீட்டு ரஜிதா என்னோடு ஏறினாள். கையில் கொய்த்தியாவ் நூடுல்ஸ் பொட்டலங்கள் இருந்த பை. கண்ணெல்லாம் சிவப்பு.

"என்னம்மா, அழுதியா?"

"மொதல்ல சிரிச்சேன்க்கா. அப்புறம் அழுதேன். அப்புறம் பசிச்சிருச்சி."

முப்பத்தொரு குடும்ப நாவல் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. ஒன்பதாம் மாடியில் கதவு திறந்ததும் அவளை இறங்கவிடாமல் கீழ்த்தளப் பொத்தானை அழுத்தினேன். மூன்று முறை ஏறி இறங்கினோம். கதையில் முக்கால்வாசி கிடைத்தது.

எழுதிக்கொள்ள அனுமதி கேட்டபோது, காதலனைப் பற்றி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "குகன ரெண்டு இஞ்ச் ஒசரமாக்கிருங்க." பெயர்களை மாற்றியது நான். உயரத்தை மாற்றியது அவள். மற்றதெல்லாம் நடந்ததுதான், நடக்காத இடங்கள் தவிர.

2.

தொடக்கம் ஒன்று: 'வெல்ட் கீ படகுத்துறையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ரஜிதாவின் நீண்ட கூந்தலில் ஒரு துளி —'

தூறவில்லை. அன்றைக்கு முப்பத்துநாலு டிகிரி வெயில். கூந்தலும் இல்லை, போன வருஷமே கழுத்தோடு வெட்டிவிட்டாள். (என் நாயகி அழும்போது மழை பெய்தே ஆகவேண்டும் என்று வாசகிகள் கடிதம் எழுதுகிறார்கள். நான் கதைதான் எழுதுகிறேன், வானிலை அறிக்கை அல்ல.)

தொடக்கம் இரண்டு: 'பிளாக்செயின் எனப்படுவது, பல்லாயிரம் கணினிகள் ஒரே சமயத்தில் வைத்திருக்கும் ஒரு பொதுப் பதிவேடு. அதன் சிறப்பு யாதெனில் —'

என் கணவர் ராமதாசுக்குப் படித்துக் காட்டினேன். 'யாதெனில்' வருவதற்குள் தூங்கிவிட்டார்.

தொடக்கம் மூன்று: 'ரஜிதாவிடம் ஒரு வீட்டுக்கான முன்பணம் இருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் அது போய்ச் சேராவிட்டால் வீடு இல்லை.'

இது இருக்கட்டும்.

3.

வீடு கெலுகோரில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால். மூன்று அறை. சமையலறைச் சன்னலில் கழுத்தை ஒடித்துப் பார்த்தால் கடல் ஒரு விரற்கடை தெரியும். கல்யாணம் ஆனதும் ரஜிதாவும் குகனும் அங்கே குடிபோவதாகத் திட்டம். இரண்டு வீட்டாரோடும் இல்லாமல் தனியாக. அதுதான் திட்டத்தின் உயிர்.

ஏனென்றால் குகனின் அம்மா சந்திரிகா, "மாடி ரூம் சும்மாதானே கெடக்கு" என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அறைக்குத் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டார். இந்த வீடு போனால் ரஜிதாவுக்கு அந்தத் திரைச்சீலைதான். பூப்போட்டது. பெரிய பூ.

பணம் எப்படி வந்தது? ரஜிதா ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் குழந்தை விளையாட்டுகளுக்குப் படம் வரைகிறாள். அவர்கள் சம்பளத்தை ஸ்டேபிள்காயினில் கொடுக்கிறார்கள். ஒரு காயின் என்றால் ஓர் அமெரிக்க டாலர், இன்றைக்கும் நாளைக்கும் ஏறாது, இறங்காது. கிரிப்டோ குடும்பத்தில் இதுதான் அரசாங்க வேலை பார்க்கும் மாப்பிள்ளை. மூன்று வருஷத்தில் நாலாயிரத்து முன்னூறு காயின் சேர்த்திருந்தாள். நம் மலேசியப் பணத்தில் ஏறக்குறைய பதினெட்டாயிரம் வெள்ளி.

சிக்கல் என்னவென்றால், அதே காயின் பல வலைப்பின்னல்களில் ஓடுகிறது. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் தானாகத் தெரியாது. நடுவில் ஒரு பாலம் வழியாகக் கொண்டுபோக வேண்டும்.*

* அந்த வலைப்பின்னல்களின் நிஜப் பெயர்கள் இருமல் மருந்துப் பெயர்கள் போல இருக்கின்றன. ஆகவே நான் வேறு பெயர் வைக்கிறேன். சம்பளம் வந்து விழும் இடம், எங்கள் பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த். காயினை வெள்ளியாக மாற்றித் தரும் செயலி இருக்கும் இடம் பினாங்குத் தீவு. எதற்கும் சம்பந்தமில்லாமல் தள்ளி இருக்கும் மூன்றாவது இடம் லங்காவி. ஒவ்வோர் இடத்திலும் காயினை நகர்த்த ஒரு சின்ன டோல் உண்டு. அந்த டோலை அந்த இடத்துக்கே உரிய காசில்தான் கட்ட வேண்டும். பர்ஸில் ஆயிரம் வெள்ளி இருந்தாலும், டோல் கார்டில் காசு இல்லாவிட்டால் பாலத்துக்கு முன்னால் கம்பு உயராது அல்லவா? பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான் அல்லவா? அதுதான்.

4.

குகன் என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். ஒரு கணினிச் சில்லைச் சோதிக்காமல் ஆயிரம் சில்லை வெளியே விடமாட்டான். அப்படிப்பட்டவன் வருங்கால மனைவியின் மூன்று வருஷச் சம்பாத்தியத்தைச் சோதிக்காமல் அனுப்புவானா? வாசகர் நம்புவாரா?

ரஜிதாவிடம் கேட்டேன். "அவங்கம்மா போன் அடிச்சாங்கக்கா" என்றாள். நம்பினேன்.

அன்று அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு ரஜிதா வீட்டுக் கூடத்தில், அவளுடைய மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் அறைக்குள் நிறுவனத்தாரோடு பேசிக்கொண்டிருந்தாள். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்: "மொத ஒரு காயின் அனுப்பு. வந்து சேந்தா மிச்சம்." அவள் அப்பா விஸ்வலிங்கம் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

பத்து இருபத்தொன்றுக்குக் கைப்பேசி அடித்தது.

"அனுப்பிட்டியாடா?"

"இல்லம்மா. மொத ஒன்னு அனுப்பி டெஸ்ட் பண்ணணும்."

"ஒன்னா? வீட்டுக்குக் குடுக்கிற காசுடா அது! ஒத்த காசக் கிள்ளிப் போட்டுட்டு வாயப் பாத்துக்கிட்டு நிப்பியா? முழுசா அனுப்பு. பத்தரைக்கு ராகுகாலம்."

"அம்மா, இது ஒரு முறைம்மா. எல்லாரும் அப்படித்தான் —"

"அத ராகுகிட்ட சொல்லு."

பத்து இருபத்தாறுக்கு குகன் மொத்தத்தையும் அனுப்பினான். எந்த வலைப்பின்னலுக்கு என்று கேட்ட பட்டியலில் மேலே எது இருந்ததோ அதைத் தொட்டான். மேலே இருந்தது லங்காவி.

 சந்திரிகா பார்த்தது, திருச்சியில் இருக்கும் தங்கை அனுப்பிவைத்த நாட்காட்டி. பத்தரை என்பது அந்த ஊர்க் கணக்கு. நம் ஊரில் சூரியன் ஏழேகாலுக்குத்தான் எழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டு மணியை ஒட்டித்தான் தொடங்கும். குகனுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ராகு அப்போது வேறு நாட்டில் வேலையாக இருந்தார்.

5.

ரஜிதா வெளியே வந்தாள்.

"எங்கடா என் காசு?"

"லங்காவில." (அவன் சொன்னது இருமல் மருந்துப் பெயர்.)

"அலாமாக்! தொலஞ்சிருச்சா?"

"தொலையல லா. இங்க பாரு, ஒன் அட்ரஸ்தான். நாலாயிரத்து முன்னூறும் இருக்கு. நகத்ததான் முடியல."

"ஏன்?"

"அந்த ஊரு டோல் காசு நம்மகிட்ட இல்ல."

"எவ்ளோ வேணும்?"

"நாப்பது சென்."

இங்கேதான் ரஜிதா சிரித்தாள். நாலாயிரத்து முன்னூறு டாலர் திரையில் பளிச்சென்று தெரிகிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அரை வெள்ளிகூட ஆகாத அந்த நாற்பது சென் இல்லாமல் அவளாலேயே தொட முடியாது.

அந்த ஊர்க் காசை வாங்குவதற்காகக் குகன் ஒரு செயலியில் பதிந்தான். அடையாள அட்டையைப் படம் எடு என்றது. முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு என்றது. கடைசியில், 'ஒன்று முதல் இரண்டு வேலை நாட்கள் ஆகும்' என்றது. தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் கேட்டான். உடன் வேலை பார்க்கும் ஷஹீராவிடம் தீவுக் காசு இருந்தது. இன்னொருவரிடம் பட்டர்வொர்த் காசு இருந்தது. லங்காவி யாரிடமும் இல்லை.

இரண்டே முக்காலுக்கு, தொழுகை முடிந்து திரும்பிய வீட்டு ஏஜெண்ட் ஹஸ்ருல் கூப்பிட்டார். இன்னொரு ஜோடி காசோலையோடு காத்திருக்கிறது, கக் (அக்கா). ஐந்து மணி வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன், அதற்குமேல் என்னால் முடியாது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரஜிதா அழுதது அப்போது.

6.

இந்த இடத்தில் நான் எழுதியது: 'குகன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். பாலத்தின் மேல் காற்றைக் கிழித்துக்கொண்டு —'

"எங்க போறான்?" என்று கேட்டாள் ரஜிதா, படித்துவிட்டு.

"யாரிடமாவது உதவி கேட்க."

"மோட்டார் பஞ்சர்க்கா. எங்கப்பாவ எழுதுங்க."

எழுதுகிறேன். விஸ்வலிங்கம் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். கோபம் வந்தாலும் மரியாதையாகத்தான் கோபிப்பார். மூன்றே முக்காலுக்கு அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"தம்பி, என்ன பேர் சொன்னீர்? அந்தக் காசு."

குகன் சொன்னான்.

"அது என்னட்டை இருக்கு."

ரஜிதா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

நடந்தது இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டலில், கிரிப்டோ பற்றி இலவசக் கருத்தரங்கு, மதியச் சாப்பாட்டோடு. விஸ்வலிங்கம் சாப்பாட்டுக்குப் போனார். வந்த எல்லாருடைய கைப்பேசியிலும் ஒரு செயலியை ஏற்றி, ஆளுக்கு மூன்று டாலருக்கு லங்காவி காசு போட்டு அனுப்பினார்கள். அதை வைத்து முப்பது தடவை டோல் கட்டலாம்.

"ஆட்டிறைச்சி நல்லா இருந்தது," என்றார்.

குகன் கையை நீட்டினான். விஸ்வலிங்கம் கைப்பேசியைக் கொடுக்கவில்லை. ரஜிதாவின் முகவரியை அவரே ஓர் எழுத்து விடாமல் சரிபார்த்தார். எந்த வலைப்பின்னல் என்பதை இரண்டு தடவை பார்த்தார். அனுப்பும் பொத்தானுக்கு மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நாலு வருசமா இந்த வீட்டுக்கு வாறீர். என்னை என்னவெண்டு கூப்பிடுறனீர்?"

"அங்கிள்."

"கீழ்வீட்டு டாக்சிக்காரனையும் அங்கிள் எண்டுதான் கூப்பிடுறீர்."

"அப்பா! டைம் என்ன பாருங்க!"

"நான் ஒண்டும் கேக்கேல்லையே, பிள்ளை. அறிஞ்சு வைக்கத்தான்."

குகன் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுத்தான்.

"ஒரு தடவ மாமான்னு கூப்பிட்டேன்," என்றான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால, தீபாவளிக்கு. அதுக்கு இன்னும் காலம் இருக்குத் தம்பின்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

அது உண்மைதான். ரஜிதாவுக்கும் நினைவிருக்கிறது. சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

நேரம் நாலு மணி இரண்டு நிமிடம். காயின் லங்காவியிலிருந்து தீவுக்கு வர இருபது நிமிடம், வெள்ளியாக மாறி வங்கிக்குப் போக இன்னொரு இருபது. இன்னும் அவகாசம் இருக்கிறது. அதிகம் இல்லை.

7.

முடிவு அ: 'குகன் தழுதழுத்த குரலில் "மாமா!" என்றான். கண்ணீர் —'

"குகன் அழமாட்டான்க்கா. மூக்குதான் ஒழுகும்."

மூக்கு ஒழுகும் நாயகனை என் பத்திரிகை ஆசிரியர் ஏற்கமாட்டார்.

முடிவு ஆ: ஐந்து பதினொன்று. ஹஸ்ருல் வருந்துகிறார். பூப்போட்ட திரைச்சீலைக்குப் பின்னால் ரஜிதா படம் வரைகிறாள். சந்திரிகா கதவைத் தட்டாமல் தேநீர் கொண்டுவருகிறார், தினமும், சரியான சர்க்கரையோடு. (இதை எழுத எழுத எனக்குச் சந்திரிகாமேல் பாசம் பெருகிவிட்டது. அவரைத் தண்டனையாக வைக்க மனம் வரவில்லை. நிறுத்திவிட்டேன்.)

முடிவு இ: 'விஸ்வலிங்கம் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து —'

"இத யாருக்கா ஒங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் எழுதினேன்."

"அப்பா நெசமாவே கண்ணாடியக் கழட்டுனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க வீட்டு விஷயம்."

தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மடித்த இடத்தில் பென்சிலால் குகனின் உயரத்தை மட்டும் திருத்தியிருந்தாள். ஐந்தடி ஒன்பது.

8.

லிஃப்டில் அவள் கையில் இருந்த பையை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பொட்டலம் என்றால் அப்பாவுக்கும் மகளுக்கும். மூன்று என்றால் கூடத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான். மூன்று முறை ஏறி இறங்கினோம். வாசனை பிடித்தேனே தவிர எண்ணவில்லை. நாவலாசிரியை என்று அட்டையில் போட்டுக்கொள்கிறேன்.

ஆகவே, குகன் 'மாமா' என்றானா, வீடு கிடைத்ததா என்ற முடிவை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். தொலைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முகவரி சரிதான், கண்ணுக்குத் தெரியும், நகரமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். நாற்பது சென் டோல் வேண்டும். அதை நான் கட்ட முடியாது, என் ஊர்க் காசு உங்கள் ஊரில் செல்லாது.

உங்கள் வீட்டிலும் யாரையோ நீங்கள் இன்னும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். டோலை அங்கிருந்து எடுத்துக் கட்டுங்கள்.