நீதிமன்றத்தின் பின்கதவு

சவப்பெட்டியின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு ஆறு பேரும் நீதிமன்றத்தின் முதல் படியில் கால் வைத்தபோது, "நிறுத்துங்க" என்றாள் வெர்லீன்.

அவளுடைய சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த மகள் மார்னியும் நின்றாள். நான் வரமாட்டேன், நீங்களே வழியனுப்பிவிடுங்கள் என்று அம்மா நேற்றே சொல்லியிருந்தாள். காலையில் கெஞ்சிக் கூத்தாடித்தான் கறுப்புக் கோட்டை மாட்டி அழைத்து வரவேண்டியிருந்தது.

கவுண்டி என்கிற அந்த மாவட்டத்துக்கு உழைத்தவர்களை அடக்கத்துக்கு முன் நீதிமன்றக் குவிமாடத்தின் அடியில் சற்று நேரம் வைப்பது அந்த ஊர் வழக்கம். வெர்லீனின் கணவர் எல்வுட் ஸ்டாக் அந்தக் கட்டடத்தின் பராமரிப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அதன்மேல் அவருக்கு உயிர். முகப்பில் ஆறு தூண்கள், மேலே முக்கோண முகடு. நடுவில் கோடு கிழித்தால் இடமும் வலமும் அச்சாக ஒன்றாயிருக்கும். தூண்கள் இடையில் லேசாகப் பருத்திருப்பது ஏன் தெரியுமா என்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தாரானால் உருளைக்கிழங்கு ஆறிப்போகும். நேராகச் செதுக்கினால் பார்ப்பவர் கண்ணுக்கு இடை ஒடுங்கித் தெரியுமாம். பின்பக்கத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார். அங்கே வெறும் செங்கல்தான். முகப்புக்குக் கல் வாங்கியதிலேயே கட்டியவர்களுக்குக் கை வறண்டுவிட்டது. பின்னால் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

வெர்லீன் போய்ப் பார்த்தாள். அவளுக்குக் கால்கள் விழுந்தபின், முகப்பில் நாற்காலி ஏற ஒரு சாய்தளம் வைக்கலாம் என்று குழுவில் பேச்சு எழுந்தது. எல்வுட்தான் மறுத்தார். ஒரு பக்கம் வைத்தால் முகமே கோணிப்போகும் என்றார். சாய்தளம் பின்னால், குப்பைத்தொட்டிகளை ஒட்டிப் போனது. அந்தக் கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. ஓட்டுப் போட வந்தாலும், கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வந்தாலும், அவளை அங்கே நிறுத்திவிட்டு எல்வுட் சுற்றி ஓடி, முகப்புப் படியேறி, குவிமாடத்தைக் கடந்து வந்து உள்ளிருந்து திறந்துவிடுவார். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. மார்னிக்குத்தான் மனசு ஆறவில்லை.

அடக்கச் சடங்குகளை நடத்தும் பிக்ஃபோர்ட் குனிந்து, பின்பக்கமாக வந்துவிடுங்கள், உள்ளே காத்திருக்கிறோம் என்று பதமாகச் சொன்னார்.

"அவரு முன்னாடி, நான் பின்னாடி. இன்னிக்குமா?" என்றாள் வெர்லீன். "அவரையும் எங்கூட கூட்டிட்டு வாங்க."

"அவருக்குப் பிடிக்காதேம்மா" என்றார் பிக்ஃபோர்ட்.

"பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நானில்ல குடித்தனம் பண்ணேன்."

பிக்ஃபோர்ட் தூணைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டி பின்பக்கமாக உருண்டது. பக்கத்திலேயே வெர்லீனின் நாற்காலியை அவர் தள்ளிக்கொண்டு போனார்.

கதவு திறக்க மார்னி ஓடினாள். பனி படிந்த படிகளில் வழுக்காமல் ஏறி, தூண்களுக்கு நடுவே நுழைந்து, பளிங்குத் தரையில் குதிகால் செருப்பு எதிரொலிக்கக் குவிமாடத்தைக் கடந்தாள். பாதித் தாழ்வாரத்திலேயே மூச்சு முட்டியது. அப்பா அந்த வயதில் இதை ஓடியிருக்கிறார். ஓடாமல் நடந்தே வந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்மேல் வைத்திருந்த கோபமும் அவளோடு சேர்ந்து இளைத்தது.

கதவைத் திறந்தாள். குப்பைத்தொட்டிகளின் அருகே கையுறை போட்ட ஆறு பேரும் ஒதுங்கி நின்றிருந்தார்கள். அம்மா பெட்டியின் மேல் விழுந்த பனியைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளத் தள்ள விழுந்தது.

"உள்ள வாம்மா. குளிருது."

"கொஞ்சம் இரு. எங்கூட இவரு இங்க நின்னதே இல்ல."

கதவு மூடிக்கொள்ளாமலிருக்க மார்னி அதில் முதுகைக் கொடுத்து நின்றாள்.