யாரிடமும் சொல்லக்கூடாத எண்

வீட்டில் அவனை ஓசி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு அதில் கோபமில்லை, பட்டம் வாங்கியவனைப் போலத்தான் அந்தப் பெயரோடு திரிந்தான். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மெஷின் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே லென்ஸின் ஓரத்தைச் சுற்றித் தேய்த்து முடிக்கும்வரை அவன் சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்கிற நேரத்தில்தான் போன்களைப் பற்றிக் கரைத்துக் குடித்தான். கடையில் யாருடைய போன் 'இடமில்லை' என்று அடம்பிடித்தாலும் அவனிடம்தான் வரும். அந்த எழுத்தைப் பார்த்தாலே அவனுக்குக் கை துறுதுறுக்கும்.

அவன் கண்டுபிடித்த வித்தை ஒன்று இருந்தது. படங்களை இணையத்தில் ஏற்றி வைக்கிற கிளவுடில் ஒவ்வொரு கணக்குக்கும் கொஞ்சம் இடம் இலவசம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஓசி கட்டுவானா? தெருமுனையில் குடையை விரித்து வைத்துக்கொண்டு சும்மா கொடுக்கிற சிம் கார்டை வாங்கி வருவான். ஒரு சிம்முக்கு ஒரு கணக்கு. அது நிறைந்தால் அடுத்த சிம், அடுத்த கணக்கு. கணக்குத் தொடங்கும்போது வருகிற ஓடிபி எண்ணுக்காக மட்டும் சிம்மைப் போனில் செருகுவான். அப்புறம் அது சட்டைப் பையில் கிடந்து சலவைக்குப் போகும். "கம்பெனிக்காரனே இவன்கிட்ட வந்து படிக்கணும்" என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாராட்டு என்றால் அவனுக்கும் கசக்குமா என்ன?

அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது அவளுடைய போன் திணறிப் போனது. தூங்கினால் ஒரு படம், கொட்டாவி விட்டால் ஒரு படம். பாப்பா முதல்முதலாகக் குப்புறக் கவிழ்ந்ததை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது, பாதியில் 'இடமில்லை' என்று போன் நின்றுவிட்டது. "எதுக்குடா இந்த வீட்ல நீ இருக்க?" என்று அக்கா போனிலேயே கத்தினாள். ஓசி ஓடி வந்தான். புதுச் சிம், புதுக் கணக்கு. எல்லாவற்றையும் மேலே ஏற்றினான், இனி எடுப்பதும் தானாகவே ஏறும்படி செய்தான். பிறகு 'இடத்தைக் காலி செய்' என்பதை அழுத்தினான், போனிலிருந்த படங்கள் அழிந்தன.

"போன் தொலைஞ்சாக்கூட கவலையில்லக்கா. எல்லாம் பத்திரமா இருக்கு."

பாப்பா பேச்சு வருவதற்கு முன்பே போய்விட்டாள். காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

அக்கா அந்தப் போனை அணைத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். தொடவே இல்லை. கிடந்த இடத்திலேயே பேட்டரி உப்பி அதன் முதுகு பிளந்துகொண்டது. வெடித்துத் தொலைக்கப் போகிறது, என்ன செய்வதென்று அக்காவின் கணவர் ஓசியைக் கேட்டார். "தூக்கிப் போடுங்க மாமா, அதுல ஒண்ணுமில்ல" என்று சொன்னவன் இவனேதான்.

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவுக்கும் மாமாவுக்கும் சண்டை. பாப்பாவுக்கு மச்சம் எந்தக் காதில் என்பதுதான் விஷயம். அவள் வலது என்றாள், அவர் இடது என்றார். மாமாவின் போனில் இருந்தது ஆஸ்பத்திரியில் எடுத்த ஒரே ஒரு படம், அதில் துணிச் சுருளுக்குள் மூக்கு மட்டும்தான் தெரியும். மற்றதையெல்லாம் பார்க்கத் தாங்காமல் அவரே அழித்துவிட்டிருந்தார். சண்டை பாதியிலேயே அடங்கிவிட்டது. இரண்டு பேருக்குமே நிச்சயமாகத் தெரியவில்லை. பெற்றவளுக்கே மறந்துபோகுமா என்ற பயத்தில் அக்கா முகம் வெளிறி ஓசியிடம் வந்தாள்.

"படமெல்லாம் எடுத்துக் குடுடா. இப்ப பாக்க முடியும்னு தோணுது."

அவன் பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தன் போனில் அந்தக் கணக்கைத் திறந்தான். பாஸ்வேர்டு ஞாபகமிருந்தது, கணக்கும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் இது புதுப் போன், நீங்கள்தானா என்று தெரிய வேண்டும், உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்த எண்? அந்தச் சும்மா வந்த சிம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டி அதைத் தேடி எடுத்துப் போனில் போட்டான். சிக்னல் இல்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணைக் கம்பெனி எப்போதோ வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தது. சிம் கம்பெனியின் கடைக் கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அது இப்ப வேற கஸ்டமரோட நம்பர் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். கிளவுட் கம்பெனிக்கோ போய்த் தட்ட ஒரு கதவுகூட இல்லை. இரண்டு வருஷம் யாரும் நுழையாத கணக்கு அழிக்கப்படும் என்ற விதி மட்டும் தெளிவாக எழுதியிருந்தது. இந்த மாதக் கடைசியோடு இரண்டு வருஷம் முடிகிறது.

அக்காவிடம், "சர்வர் ஏதோ மக்கர் பண்ணுதுக்கா, ரெண்டு நாள்ல பாத்துக்கலாம்" என்று மழுப்பினான். அவளும் நம்பினாள்.

வேறு வழியில்லாமல் அந்த எண்ணுக்கே போன் செய்தான். ஒரு பெண்மணி எடுத்தார். பின்னால் புஸ்ஸு புஸ்ஸென்று இஸ்திரி ஆவி விடும் சத்தம். ஏதோ சலவைக் கடை.

"அம்மா, இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அத மட்டும் கொஞ்சம் சொல்றீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. உலகத்தில் உள்ள அத்தனை மோசடிக்காரனும் இதே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறான். எதிர்முனையில் போன் துண்டிக்கப்பட்டது, அவன் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார். மறுநாள் நண்பனின் போனிலிருந்து கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக எதையும் பேசியதில்லை.

"போன தடவ ஒருத்தன், அம்மா சாகக் கெடக்கறாங்கன்னு அழுதான்" என்றார் அந்தப் பெண்மணி. "நீ கொழந்தன்னு அழற. உங்களுக்கெல்லாம் யார்தான்டா எழுதிக் குடுக்கறா? தெனம் ஓடிபி அனுப்பி உசுர வாங்காத. போலீசுக்குப் போயிடுவேன்."

நண்பனின் எண்ணும் பிளாக். அதற்கு மேல் மறைக்க அவனால் முடியவில்லை. மாதம் முடியப் போகிற ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அக்கா பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"பத்திரமா இருக்குன்னு சொன்ன."

"பத்திரமாத்தான்கா இருக்கு" என்றான். அதுதான் கொடுமை. எல்லாம் கலையாமல் அப்படியே இருந்தன, அவர்களால்தான் உள்ளே போக முடியவில்லை. அவனுக்குத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அக்கா கையைத் துடைத்தாள். "அனுப்புடா. அந்த நம்பரும் சொல்லு. நான் பேசறேன்."

ஓசி மறுபடியும் ஓடிபி அனுப்பச் சொல்லி அழுத்தினான். அக்கா தன் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். புஸ்ஸென்ற சத்தம் கேட்டது.

"நான் அந்தப் பையனோட அக்கா பேசறேன்ங்க. வச்சிடாதீங்க. ஓடிபி கேக்கல. சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிடறேன்."

லைன் துண்டிக்கப்படவில்லை.

அக்கா பேசினாள். பாப்பா எப்படிச் சிரிப்பாள், பசி வந்தால் எப்படிக் காலை உதைப்பாள், குளிக்க வைத்தால் எப்படி மூச்சை அடக்கிக்கொண்டு முறைப்பாள் என்று, யாரோ முன்பின் தெரியாதவரிடம், இரண்டு வருஷமாக வீட்டில் ஒருவரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். ஓசி தலையைக் குனிந்துகொண்டான். அங்கே இஸ்திரிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"பேர் என்ன வச்சிருந்தீங்க?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

அக்கா சொன்னாள். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் முதல் தடவை குரலே வரவில்லை. இரண்டாம் தடவை சொன்னாள்.

"நல்ல பேரு" என்றார் அவர். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று ஓசி காத்திருந்தான்.

"ஓடிபி வந்திருக்கும்மா. என் கண்ணு முன்னாடிதான் இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு அதுலயே எழுதியிருக்கு." என்றார் அவர். "நீ சொல்றத நான் நம்பாம இல்லம்மா. நம்பறேன். ஆனா போன தடவயும் நம்பித்தான் சொன்னேன். பொண்ணு படிப்புக்கு வச்சிருந்ததெல்லாம் போச்சு. அதுலேர்ந்து எம்பொண்ணு எங்கிட்ட முகங்குடுத்துப் பேசறதில்ல. இன்னொரு தடவ ஏமாந்தேன்னு அவகிட்ட போய் எப்படிம்மா நிப்பேன்? என்னால முடியாதும்மா. என்ன மன்னிச்சிடு."

ஓசி வாயைத் திறந்தான். அக்கா கையை உயர்த்தி அவனை அடக்கினாள்.

"சரிங்க. சொல்லாதீங்க" என்றாள். "யார் கேட்டாலும் சொல்லாதீங்க. என்ன மாதிரி யாராவது அழுதாலும் சொல்லாதீங்க."

அந்தப் பெண்மணி அழுதுகொண்டே போனை வைத்தார்.

"நான் நேர்ல போய்ப் பாக்கறேன்கா" என்றான் ஓசி. "எந்த சலவைக் கடைன்னு எப்படியாவது கண்டுபிடிச்சு, கால்ல விழுந்தாவது..."

"போகாதடா. ஏற்கனவே பயந்து கெடக்காங்க. நீ போய் வாசல்ல நின்னா அவங்களுக்கு என்ன ஆகும்?"

அவன் கையிலிருந்த போனில் ஓடிபிக்கான நேரம் முடிந்துபோயிருந்தது. மறுபடியும் அனுப்பவா என்று திரை கேட்டது. அக்கா அதை அவன் கையிலிருந்து வாங்கினாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு வேண்டாம் என்பதை அவளே அழுத்தினாள்.