தோற்றால் தேவலை

…அடித்துவிடுவானோ, பதினேழாம் எண், நம் ஆள், வட்டைத் தள்ளிக்கொண்டு இடப்பக்க ஓரமாக வருகிறான், கர்த்தரே, அடிக்காமல் இருக்க வேண்டும், விழுந்து தொலையேண்டா, பனித்தரை என்றால் வழுக்கத்தானே வேண்டும், இத்தனை பேர் விழுகிறார்கள், நீ மட்டும் ஏன்… அடித்தான். எதிரணி கோல்கீப்பர் தோளில் வாங்கி வெளியே தட்டிவிட்டான். அரங்கமே ஒரே குரலில் "ஐயோ" என்றது, நானும் சொன்னேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், தலையில் கை வைத்துக்கொள்ளவும் மறக்கவில்லை. நடிப்பு என்று யாருக்குத் தெரியும்? அரங்கத்துக்கு மேலே உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற முப்பத்தோராம் எண் சொகுசு அறையின் குத்தகைக்காரன், கிடங்குகளுக்குக் கதவு செய்து மாட்டுகிற கார்னீலியஸ் பென்னர், நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பனி ஹாக்கி அணியை நேசிக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், காலையில் ஆராதனைக்குப் போய்வந்த அதே சட்டையோடு உட்கார்ந்து, தன் அணி தோற்க வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறான் என்று யார் நினைப்பார்கள்? ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று நிற்கிறது, கூடுதல் நேரம், இனி எவன் முதலில் ஒரு கோல் போடுகிறானோ அவன் ஜெயித்தான், அத்தோடு முடிந்தது. ஏழு ஆட்டத்தில் இது ஏழாவது. ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போகலாம்… எவ்வளவு நல்ல சொல். வீட்டில் இந்த நேரத்துக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, செர்ரி ஜாம், ஒரு கெட்டில் காப்பி, ஞாயிறு மதியம் என்றால் எங்கள் ஊர் ஸ்டைன்பாக்கில் எல்லா மேசையிலும் அதுதான், அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை.

இங்கே மேசையில் இறால். பனிக்கட்டி மேல் வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு எலுமிச்சை. வெளியிலிருந்து ஒரு பிஸ்கட் கூடக் கொண்டுவரக் கூடாது, எல்லாம் அவர்கள் சமையலறையிலிருந்துதான், அவர்கள் சொல்வதுதான் விலை. கோழி இறக்கை ஒரு தட்டுக்கு அவர்கள் போட்ட விலையைப் பார்த்தால் பறவை இன்னும் பறந்துகொண்டிருக்க வேண்டும். குளிர்பெட்டியில் ஒரு பியர் குறைந்தால் அதற்கும் பில்லில் ஒரு வரி ஏறும். ஆனால் அதெல்லாம் சில்லறை. ஆண்டு வாடகை ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர், ஏழு வருட ஒப்பந்தம், இது மூன்றாவது வருடம், நடுவில் விட முடியாது, விடுவதென்றால் நானே வேறு ஒருவனைப் பிடித்துத் தர வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். தெரியாமல் போட்டது, இல்லை, தெரிந்தும் சிரித்துக்கொண்டே போட்டது ஒன்று உண்டு. பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கிற தகுதிச் சுற்று ஆட்டங்கள் வாடகையில் சேராது. தனிக் காசு. ஒவ்வொரு சுற்றுக்கும் விலை ஏறும், உள்ளூரில் எத்தனை ஆட்டம் நடக்கக்கூடுமோ அத்தனைக்கும் முன்பணம், ஜெயித்த மறுநாள் காலையில் என் வங்கி அட்டையிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்வார்கள். குத்தகை விற்ற ஷெல்லி அந்தப் பத்தியை விரலால் தொட்டு, "இந்தச் செலவு வந்தா சந்தோஷப்படுற செலவு சார்" என்று சொன்னாள். நானும் சந்தோஷமாகச் சிரித்தேன். அந்த வருடம் அணி கடைசி இடத்தில் இருந்தது, இவர்களாவது தகுதிச் சுற்றுக்கு வருவதாவது என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட ரசிகன் பார்த்தீர்களா. இப்போது வந்துவிட்டார்கள். இந்தச் சுற்றிலேயே என் மூச்சு முட்டிவிட்டது. அடுத்த சுற்றுக்கு நாற்பத்தெட்டாயிரம். நாளைக் காலையில் நாற்பத்தெட்டாயிரம் போனால், வெள்ளிக்கிழமை பட்டறையில் பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுக்க எதுவும் இருக்காது. இது கணக்கில்லை, பயம். சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரியும்.

தெரிந்தால் என்ன ஆகும்? ஃப்ரீசனுக்கு ஆனது ஆகும். இந்த அறை முன்பு ஃப்ரீசனுடையது, அவனும் கதவு வியாபாரிதான், என்னைவிடப் பெரியவன். ஒரு வசந்தத்தில், வேண்டாம், இந்தக் காசுக்கு இன்னொரு லாரி வாங்குகிறேன் என்று அறையை விட்டான். லாரியும் வாங்கினான், புத்தம்புது லாரி. ஆனால் கட்டட ஒப்பந்தக்காரர்கள் மத்தியில், ஃப்ரீசன் படுத்துட்டானாமே, அறையை விட்டுட்டானாமே என்று பேச்சு கிளம்பி, இலை உதிர்வதற்குள் அவனுடைய பெரிய ஆர்டர்கள் எல்லாம் என்னிடம் வந்துவிட்டன. அந்த ஆர்டர்களைத் தக்கவைத்துக்கொள்ள நான் அவனுடைய அறையை எடுத்தேன். எலி செத்த பொறியைத் துடைத்து எடுத்து வந்து நானே தலையைக் கொடுத்தேன், என்ன சொல்ல. ஃப்ரீசன் இப்போது சின்னப் பட்டறையோடு இருக்கிறான், இன்று காலை தேவாலயத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு பாடினான், கழுத்தெல்லாம் சதை போட்டு நிறமாகிவிட்டான். அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இல்லை.

வட்டு நம் பக்கம் வருகிறது, நல்லது, வரட்டும், அங்கேயே இருக்கட்டும்… "என்ன பென்னர், வேர்த்துக் கொட்டுது?" டேரில் மக்கே. தோளில் அடிக்கிறான், அவன் கை எப்போதும் என் தோளில்தான் இறங்கும். கிடங்கு கட்டுகிறவன், என் வருட வியாபாரத்தில் பாதி அவன்தான். "இன்னிக்கு ஜெயிச்சிருவோம்யா, எனக்கு வயித்துல தெரியுது. அடுத்த ரவுண்டுக்கு என் ரெண்டு மருமகனையும் கூட்டிட்டு வரேன்னு சொல்லி வச்சுட்டேன். எடம் இருக்குல்ல?" "உனக்கு இல்லாத எடமா டேரில்" என்றது என் வாய். என் வாய் இருக்கிறதே, அதை வாடகைக்கு விட்டால் இந்த அறையை விட நல்ல காசு வரும். அந்தப் பக்கம் என் மனைவி நெட்டி, வெள்ளைக் கம்பளிச் சட்டையில், எல்லோரும் வெள்ளை, தகுதிச் சுற்று என்றால் இந்த ஊரில் எல்லோரும் வெள்ளை உடுத்த வேண்டும், நெட்டியும் தன் தங்கையிடம் இரவல் வாங்கி உடுத்தியிருக்கிறாள், புதிதாக வாங்குவாளா என்ன. முதல் வருடம் முழுக்க இங்கே ஒரு வாய் சாப்பிடாதவள். "இந்த எறால் ஒண்ணு என்ன வெல வரும்?" என்று கேட்டுக் கேட்டு, பதிலைக் கேட்டதும் பசி போய்விடும் அவளுக்கு. இன்று அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்துகிறாள். ஏன் என்று எனக்குத் தெரியும். இந்த ஆட்டங்களும் வாடகையில் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "எத்தன ஆட்டம் கூட வருதோ அத்தனையும் நமக்கு லாபம்தான கார்னி" என்றாள். நான் ஆமாம் என்றேன். அவள் கையிலிருந்து தட்டை வாங்கி அடுக்கினேன். அந்த ஒரு ஆமாமைத் திரும்ப வாங்குவதற்கு எத்தனை வாய்ப்பு வந்தது, காரில், படுக்கையில், இன்று காலை வண்டி நிறுத்துமிடத்தில் கூட… நாளைக்கு அட்டை விஷயம் அவளுக்குத் தெரிந்தால் கத்த மாட்டாள். என் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். கத்தினால் தாங்கலாம்.

எனக்கு இந்தப் பக்கம் அப்பா. எண்பத்திரண்டு வயதில் கறுப்புக் கோட்டு, அதன் மேல் யாரோ போர்த்திவிட்ட வெள்ளைத் துண்டு. கோட்டுப் பையில் சூரியகாந்தி விதை, வாசல் சோதனையில் எப்படித் தப்பினார் என்று தெரியவில்லை, பல்லிடுக்கில் வைத்து உடைத்து, தோலை மட்டும் காகிதக் கோப்பையில் துப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாவம் என்று சபையில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் பன்றிக் கொட்டகையில் வானொலியை ஒளித்து வைத்து, மெதுவாக வைத்துக் கேட்டவர். பணம் போதவில்லை என்று இந்த அணியே ஒரு முறை ஊரை விட்டுப் போனது, போன அன்று அவர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை, அம்மா சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வருடங்கள் கழித்து அது திரும்பி வந்தபோது என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஊர்க்காரன் காசு போட்டாத்தான்டா இது நிக்கும்" என்றார். நான் போட்டேன். அவர் சொன்னது ஒரு டிக்கெட்டை. இன்று உள்ளே வந்ததும் கோட்டு மாட்டியின் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காதபடி, "இந்த ஆட்டமெல்லாம் வாடகையில சேத்தியா, தனியாடா?" என்றார். பன்றி விற்றுப் பழகியவர், எதிலும் இரண்டாவது விலை ஒன்று இருக்கும் என்று தெரியும். "தனிதான்பா" என்றேன். "ஜெயிச்சா?" "அதுவும் தனி." தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். இறாலைத் தொடவில்லை.

எதிரே, பனித்தரைக்கு அந்தப் பக்கம், இதே மாதிரி அறைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் மஞ்சள் விளக்கு, கையில் கோப்பையோடு மனிதர்கள். அதில் எத்தனை பேர் என்னைப் போல… சீ, எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டால் என்ன? எழுந்து, கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லி, நடைபாதை, மின்தூக்கி, வண்டி, நேராக ஸ்டைன்பாக். முடிவு தெரியாமல் வண்டி ஓட்டலாம். வானொலியைப் போடாமல் ஓட்டலாம். ஆனால் குத்தகைக்காரன் போக முடியாது, விருந்தாளி போகலாம், பரிமாறுகிற பெண் கூடப் போகலாம், நான் கடைசி ஆள் போகும்வரை சிரித்துக்கொண்டு நின்று பில்லில் கையெழுத்துப் போட வேண்டும்… ஏய், என்ன அது, நம் ஆள் வட்டைத் தவற விட்டான், எதிரணிக்காரன் தனியாக வருகிறான், நடுவில் ஒருத்தரும் இல்லை, கோல்கீப்பர் மட்டும், வா, வா, கண்ணு, வலப்பக்கம் திறந்து கிடக்கிறது, அடி, அடிடா… டங்.

வட்டு கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்து மூலைக்குப் போனது. அரங்கத்தில் ஒரு சத்தமில்லை, பிறகு பெரிய பெருமூச்சு. அறையில் எல்லோரும் நாற்காலியில் ஒடுங்கி, முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். நான் நின்றுகொண்டிருக்கிறேன். இரண்டு கையும் மேலே இருக்கிறது. எப்போது எழுந்தேன், எப்போது தூக்கினேன், தெரியவில்லை.

"கார்னி, என்ன ஆச்சு, கால் மரத்துப் போச்சா?" நெட்டி.

"ஆமா நெட்டி, மரத்துப்போச்சு" என்று காலை உதறிக் காட்டினேன், உதறுகிறவன் கையை ஏன் தூக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, டேரிலுக்கும் தோன்றவில்லை, அவன் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டிருந்தான். உட்கார்ந்தபோது அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பனித்தரையை இல்லை. என்னை. வாயில் ஒரு விதை உடைபடாமல் அப்படியே நின்றது. அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். பால் கறக்க அனுப்பிய பையன் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து நிற்கும்போது, எங்கே அடிபட்டது என்று முதலில் பார்ப்பாரே, அந்தப் பார்வை. எனக்கு அழுகை வந்தது. அறுபதை நெருங்குகிறவன், சொகுசு அறையில், இறால் தட்டுக்கு முன்னால்.

பிறகு எப்படி நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம் வந்தது, கூரை இறங்குகிற மாதிரி. நெட்டி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், கல்யாணத்தன்று கூட அப்படிக் கட்டிக்கொண்டவள் இல்லை. டேரிலின் பியர் என் முதுகில் வழிந்தது. "பதினேழுடா! பதினேழு போட்டான்! பென்னர், நாலு ஆட்டம்யா, இன்னும் நாலு ஆட்டம்!" எல்லோரும் நிற்கிறார்கள், வெள்ளைத் துண்டுகள் சுழல்கின்றன, நானும் நிற்கிறேன், நானும் சுழற்றுகிறேன், நாற்பத்தெட்டாயிரம், வெள்ளிக்கிழமை, பதினோரு பேர், வங்கிக்குப் போகலாமா, யாரிடம் கேட்பது, ஃப்ரீசனிடமா, நெட்டியிடம் இன்று இரவே… யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். குனிந்தேன். அவர் வாய் என் காதருகே வந்தது, விதை வாசனை.

"கவலப்படாதடா. அடுத்த ரவுண்டுல தோத்துருவாங்க."

அணி ஊரை விட்டுப் போன அன்று கொட்டகையை விட்டு வெளியே வராமல் கிடந்த மனிதர். இந்த அணி தோற்கும் என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை, பத்து கோல் வாங்கிய அன்றும் கேட்டதில்லை. "அதெப்படிப்பா தோப்பாங்க?" என்றேன், கத்தினேன் என்று சொல்ல வேண்டும், அப்படி ஒரு ஆத்திரம் எங்கிருந்தோ பொங்கி வந்தது, "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன்பா தோக்கணும்?" நெட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், அப்பனும் பிள்ளையும் ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். அப்பா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்து, தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து கத்த ஆரம்பித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே கத்தினார்.