அக்கா தம்பி வார்

சாரம்பேட்டையில் உறவுகளைத் தோல் வாரில் தைத்து வைப்பது வழக்கம். அப்பா மகனுக்கு ஒரு வார், அக்கா தம்பிக்கு ஒரு வார், மாமியார் மருமகளுக்குக் கொஞ்சம் தடித்த தோலில் ஒரு வார். ஆளுக்கொரு பட்டையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வருஷத்துக்கு ஒரு துளை போட்டுத் தைத்து, உறவுப் பதிவகத்தில் ஆணியில் மாட்டிவிடுவார்கள். பேச்சு இருக்கிறவரை நூல் தாங்கும். ஏழெட்டு வருஷம் பேசாமல் இருந்தால் நூல் இற்றுப்போகும். உடனே நோட்டீஸ் வரும்: இன்ன தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் இரு தரப்பும் நேரில் வந்து தைத்துக்கொள்ளவும், தவறினால் பட்டைகள் தனித்தனியாகத் திருப்பித் தரப்படும். அதற்கப்புறம் அவர் யாரோ, இவர் யாரோ. மளிகைக்கடை மாசிலாமணிக்கு அவர் சித்தப்பா அப்படித்தான் போனார். இப்போதும் வாரம் தவறாமல் கடைக்கு வந்து துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு போகிறார். “சாருக்கு எந்த ஊர்?” என்று மாசிலாமணியும் வாரம் தவறாமல் கேட்கிறார்.

ஏகாம்பரத்துக்கு நோட்டீஸ் வந்தது ஒரு திங்கட்கிழமை. அக்கா வேதவல்லியோடு அவருக்கிருந்த வார் இற்றுவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஏகாம்பரம் பஜார் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். தோல் வேலை அவருக்குத் தொழில் இல்லை, பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் அவரும் ஒரு பல் டாக்டரும் ஒரு கணக்கு டீச்சரும் டாக்டர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பர்ஸும் பெல்ட்டும் தைப்பார்கள். யாருக்கும் வேண்டாத பர்ஸ், யார் இடுப்புக்கும் சேராத பெல்ட். இருக்கட்டும், அவரவர் சந்தோஷம் அவரவருக்கு.

சண்டைக்குக் காரணமும் அந்தப் பைத்தியம்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கென்று ஒரு கைப்பை தைத்தார். மூன்று மாசம் ஆனது. தோலை நனைத்து, ஈரம் பாதி வற்றும்வரை காத்திருந்து, ஒரு மாவிலைக் கொத்தை இலை இலையாகச் சுத்தியலால் தட்டிப் பதித்தார். ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வைத்தார். அக்கா “அழகா கீதுடா” என்று வாங்கிக்கொண்டாள். பொங்கலுக்குப் போனபோது அந்தப் பை அவள் சமையல்கட்டில் வெங்காயத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் இலையில் உட்காராமலேயே திரும்பிவிட்டார். அன்றைக்கு விட்ட பேச்சு.

நோட்டீஸைப் படித்ததும் கடையைச் சாத்தினார். அக்கா இல்லாமல் போய்விடுவாள் என்று நினைக்கவே முடியவில்லை. பன்னிரண்டாவதில் தவறியபோது அப்பாவின் செருப்புக்கும் இவர் முதுகுக்கும் நடுவில் நின்றவள் அவள். கோபம் இருந்ததே தவிர, அவளை விட்டுவிட இவர் ஒருநாளும் நினைக்கவில்லை. ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை, மெழுகு போட்டார். சணல்நூலை வாரின் நீளத்துக்கு நாலு மடங்கும், அதற்கு மேல் ஒரு முழமும் வெட்டி, தேன்மெழுகில் இழுத்து, துணியால் நீவி, மறுபடி இழுத்து, நாலு நாள் அதையே செய்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆனால் ஆத்திரக்காரன் மெழுகிய நூல் மட்டும் வெகு உறுதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் பதிவகத்துக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. அக்கா முன்னமே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. அதைப் பார்த்தும் ஏகாம்பரம் முகத்தை உர்ரென்றே வைத்துக்கொண்டார். அவளும் ஜன்னலைத்தான் பார்த்தாள்.

பதிவாளர் ரெஜினா மேடம் வாரை எடுத்து வந்து, இற்ற நூலையெல்லாம் ஊதித் தள்ளி, மேஜையில் முடுக்கியிருந்த மரக்கிட்டியின் இரண்டு தாடைக்கும் நடுவில் நிறுத்தினார். முன்பக்கம் அக்கா தம்பிக்கு வழக்கமாகப் பதிக்கிற மாங்காய் வரிசை மங்கித் தெரிந்தது. “ஐம்பத்தேழு துளை, உங்க வயசுக்குச் சரியா. பழைய துளையிலேயே தைங்க. புதுசா ஒண்ணு போட்டீங்கன்னா இல்லாத வருஷம் ஒண்ணு வந்து சேரும், அப்புறம் அதுக்கு யாரும் பொறுப்பில்லை” என்றார்.

ஏகாம்பரம் நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து வேலையைத் தொடங்கினார். வலக்கை ஊசி உள்ளே, இடக்கை ஊசி எதிரே, இரண்டையும் இழுத்து இறுக்கம். கிட்டியில் தோலைப் பார்த்துவிட்டால் அவருக்கு உலகம் மறந்துபோகும். சாய்வு சாய்வாக, அரிசி பரப்பினமாதிரி தையல் விழுந்தது. எதிரில் அக்கா உட்கார்ந்திருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. நடுவில் ஒருமுறை, ‘பாவம், மத்தியானம் சாப்பிட்டாயோ இல்லையோ’ என்று தன்னையே அன்போடு கேட்டுக்கொண்டார்.

“சார், கையை எடுங்க” என்றார் ரெஜினா மேடம்.

எடுத்தார்.

“ஏழு துளை. ரெண்டு ஊசியும் நீங்களே பிடிச்சிருக்கீங்க. இது உங்களுக்கு நீங்களே தம்பி ஆனது. பிரிச்சிடுங்க.”

“பழக்கதோஷம் மேடம்.”

“ஞாயித்துக்கிழமைத் தையல்காரங்க எல்லாரும் இதே தப்புதான். போன மாசம் பல் டாக்டர் தனக்கே மாமனார் ஆயிட்டார். கவனிக்கிறதுக்குள்ள முத்திரை விழுந்துடுச்சு. இப்ப அவரைப் பார்த்து அவரே எழுந்து நிக்கறார்.”

அது உண்மைதான். மொட்டை மாடியில் டாக்டர் அடிக்கடி எழுந்து நிற்பதை ஏகாம்பரமும் பார்த்திருக்கிறார். ஏழு துளையையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். மெழுகு நூல் லேசில் வரவில்லை. பிரித்து முடிக்க மூன்றேகால் ஆகிவிட்டது. தன்மேல் வந்த பாசமும் அதோடு போயிற்று.

இனி ஒரு ஊசியை அக்காவிடம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் பேசியாக வேண்டும். நீட்டினார்.

“உன் ஊசி முதல்லக்கா” என்றார். எட்டு வருஷத்துக்கு அப்புறம் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“முதல்லன்னா எப்படி?”

“உன் பக்கத்துலேர்ந்து குத்து. பாதி வரைக்கும் வரட்டும். அப்புறம் அதே துளையில என் ஊசி வரும். அது வரும்போது உன் நூலைக் கொஞ்சம் பின்னால இழுத்துப் பிடிச்சுக்கோ. இல்லேன்னா என் ஊசி உன் நூலையே குத்திடும். குத்திட்டா அப்புறம் முன்னாலயும் வராது, பின்னாலயும் போவாது.”

“அதான் எட்டு வருஷமா பார்க்கிறோமே” என்றாள் அக்கா.

தைத்தார்கள். முதல் நாலு துளை ஒழுங்காக வந்தது. ஐந்தாவதில் அக்கா பலமாக இழுத்துவிட்டாள். தோல் சுருங்கியது. ஐந்து வயசில் அவளிடம் வாங்கிய கிள்ளு ஏகாம்பரத்தின் தொடையில் சுரீரென்றது.

“ஆ! கொஞ்சம் தளர்த்துக்கா!”

“அப்ப சட்டிப்பாலைக் கவுத்தது யாரு?” என்று கேட்டுக்கொண்டே தளர்த்தினாள்.

பத்து, இருபது, முப்பது என்று போனது. பதினெட்டாவதில் அப்பாவின் செருப்பு வந்து போயிற்று. இருபதாவதில் அவள் கல்யாணம். தணிகாசலம் மாமா மாலையோடு நின்று இவருக்குக் கண்ணடித்தார். சும்மா சொல்லக்கூடாது, நாற்பது தாண்டியதும் அக்காவின் கை நன்றாகப் பழகிவிட்டது. மணி நாலேகால் இருக்கும். நாற்பத்தொன்பதாவது துளை முடிந்து ஐம்பதாவதுக்கு வந்தார்கள். பேசாத வருஷங்கள் அங்கேதான் தொடங்கின.

அக்கா ஊசியை நிறுத்தினாள். “இதையெல்லாம் விட்டுட்டு நேரா கடைசித் துளையில குத்திடலாம்டா. எனக்கு அதையெல்லாம் திரும்பத் தொட வேணாம்.”

“முடியாதுக்கா.”

“ஏன்டா முடியாது? ஒரே நீட்டா இழுத்தா ஆச்சு.”

“நீட்டுத் தையல் நிக்காது. சாவி மாட்டும், வளையல் மாட்டும், ஒரு நாளைக்கு இழுத்துனு அறுத்துக்கும். அங்கேர்ந்து எல்லாம் பிரியும். வெறும் துளையா இருந்தாலும் ஒண்ணொண்ணா தைச்சாத்தான் தையல்.”

ரெஜினா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு ஊசியைக் குத்தினாள்.

“அந்தப் பையை வெங்காயத்துக்குன்னா மாட்டினேன்?” என்றாள் குனிந்தபடியே. “பீரோவுல வெச்சா வருஷத்துக்கு ரெண்டு வாட்டிதான் பார்ப்பேன். நாள் முழுக்க நான் நிக்கிறது அடுப்பாண்ட. கண்ணு எதிர்ல இருக்கட்டும்னு மாட்டினேன். வெங்காயத்தைப் போட்டது உங்க மாமா.”

“நீ சொல்லவேயில்லையே!”

“நீ எங்க நின்ன? செருப்பைக்கூடக் கையில எடுத்துனு ஓடினியே.”

அதுவும் உண்மைதான். ஏகாம்பரத்துக்கு வெட்கமாக இருந்தது. எட்டு வருஷத்தை வெங்காயத்துக்குத் தாரைவார்த்த முட்டாள் என்று தன்னைத் திட்டிக்கொண்டார். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு எல்லாம் வெறுமையாக, சத்தமில்லாமல் போயின. ஐம்பத்தைந்தில் அக்காவின் ஊசி பாதியில் நின்றது.

“ஐப்பசியில மாமா போனப்போ நீ வரலை.”

ஏகாம்பரம் தன் ஊசியைக் கீழே விட்டார். “தெருமுனை வரைக்கும் வந்தேன்க்கா. சைக்கிள்கடை ஓரமா நின்னேன். மேளச் சத்தம் கேட்டுது. உள்ள வந்தா, நீ எல்லார் எதிர்லயும் மூஞ்சியைத் திருப்பிக்குவியோன்னு பயமா இருந்துது. அப்படியே போயிட்டேன். மாமாவோட மூஞ்சியைக்கூடப் பார்க்கலை. தப்புதான்க்கா. பெரிய தப்பு.”

“வாசலையே பார்த்துனு இருந்தேன்டா. எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினாங்க. என் தம்பி வரட்டும்னு அரை மணி நிறுத்தி வெச்சேன்.”

இரண்டு பேரும் அழுதார்கள். ஒரு சொட்டு வாரின்மேல் விழுந்தது. அக்கா அவசரமாகக் கட்டைவிரலால் துடைத்தாள். ஈரத்தோல் சும்மா இருக்குமா? விரல் ரேகை மாங்காய் வரிசைக்குப் பக்கத்தில் அப்படியே பதிந்துவிட்டது.

“ஈரம் படாம பாருங்க” என்றார் ரெஜினா மேடம். “பதிஞ்சது பதிஞ்சதுதான். அழிக்க இங்க வசதி இல்லை.”

ஐம்பத்தேழாவது துளை முடிந்தபோது நாலே முக்கால். மேடம் கத்தரியை நீட்டினார். “முடிஞ்சுது சார். நூலை வெட்டிடுங்க.”

“திரும்பித் தைக்காம எப்படி மேடம் வெட்டறது?” என்றார் ஏகாம்பரம். “கடைசி மூணு துளையில வந்த வழியே திரும்பணும். அப்பத்தான் நூல் பூட்டிக்கும். இல்லேன்னா முனையிலேர்ந்து உருவிக்கும்.”

“அது உங்க இஷ்டம். ஆனா மூணு துளை ரெட்டைத் தையல்னா, அந்த மூணு வருஷமும் இன்னொரு தரம் வரும். ஐம்பத்தஞ்சுலேர்ந்து வரிசையா. பதிவுல எழுதிக்கணும். ரெண்டு பேருக்கும் சம்மதமா?”

ஏகாம்பரம் அக்காவைப் பார்த்தார். அக்கா அதற்குள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

திரும்பித் தைத்தார்கள். ஐம்பத்தேழு, ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து. நூலை ஒட்ட வெட்டி, முனையை நெருப்புக்குச்சியால் பொசுக்கி அமுக்கினார். இனி ஓரம் பாக்கி. ஓரம் தேய்க்காத வார் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிசிறும். இலையில் அப்பளம் வைக்க மறந்தால் பிசிறும், கல்யாணப் பத்திரிகையில் பெயர் கீழே போட்டால் பிசிறும். ஏகாம்பரம் ஓரத்தின் கூர்மையைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, பிசின் தண்ணீர் தடவினார். பளபளப்பாகத் தேய்க்கிற கான்வாஸ் துணியைக் கொண்டுவர மறந்திருந்தார். அக்கா முந்தானையைக் கொடுத்தாள். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தேய்த்தார்கள். இரண்டு பட்டையும் சேர்ந்த கோடு மெல்ல மெல்ல மறைந்து ஓரம் ஒன்றானது.

ரெஜினா மேடம் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓரத்தில் ஓட்டிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது முத்திரை விழுந்தது. ஏகாம்பரம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

கீழே மருந்துக்கடை வாசலில் தணிகாசலம் மாமா மொபெட்மேல் உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, வெயில்ல ஏன் நிக்கறீங்க? மேல வந்து உட்கார்றதுதானே?” என்று கேட்டுக்கொண்டே, அக்கா அவர் சட்டையில் மாறிப்போயிருந்த பொத்தானைச் சரியாகப் போட்டாள்.

“படியேற முடியலை. மூச்சு வாங்குது” என்றார் மாமா. பிறகு ஏகாம்பரத்தின் தோளைத் தட்டினார். “மாப்ளே, ஐப்பசி எட்டு. இந்தத் தடவை காலையிலயே வந்துடு. போன தடவை எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க.”

“எத்தனை மணிக்கு மாமா எடுப்பாங்க?”

“பதினொண்ணுக்கெல்லாம் எடுத்துடுவாங்க.”

“ஆறு மணிக்கே வந்துடறேன் மாமா” என்றார் ஏகாம்பரம். “கடைக்கு அன்னிக்கு லீவு.”