கனம் குறைந்த இடம்

என் வீட்டுக்காரரைக் கம்பி மெம்பர் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். எண்ணுகிற கம்பி என்று நினைத்துவிடாதீர்கள். இது ரோட்டில் குத்துகிற கம்பி. நகராட்சியின் சாலைக் கண்காணிப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். எந்தத் தெருவில் தார் போட்டாலும், ரோலருக்குப் பின்னாலேயே முனை கூராக்கிய இரும்புக் கம்பியோடு நடந்து போவார். சூடு ஆறுவதற்குள் புதுத் தாரில் அதை இறக்குவார். அடியில் இருக்கிற பழைய ரோட்டில் கம்பி முட்டி நிற்கும். கம்பியில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு உண்டு. கோடு தாருக்குள் மறைந்தால் கனம் சரி. வெளியே தெரிந்தால் கான்ட்ராக்டர் தொலைந்தார்.

நேர்மை என்றால் சாதாரண நேர்மை இல்லை, ஆளைக் கொல்கிற நேர்மை. எனக்கு எங்கள் தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. குழுவின் காகிதங்களை நகல் எடுக்க வேண்டுமென்றால் என் கடையைத் தாண்டி, கடைத்தெரு வரை வெயிலில் நடந்து போய் எடுத்துக்கொண்டு வருவார். "பெண்டாட்டி கடைக்கு வேலை கொடுக்கறான்னு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்பார். நாலு பேர் அப்போதும் பேசினார்கள். வீட்டில் சண்டையாம், அதனால்தான் அந்தக் கடைக்குப் போகிறாராம்.

அதே தெருவின் தாழ்ந்த கோடியில் என் நாத்தனார் வீடு. எங்கள் மாமியார் சீக்கிரமே போய்விட்டதால், தையல் மெஷின் மிதித்துத் தம்பியைப் படிக்க வைத்தவர் அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். முன்னறையில் இரண்டு மெஷின்கள். ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு வெள்ளை உடுப்பு தைத்துக் கொடுப்பதுதான் வேலை. வெள்ளைத் துணி என்பதால் வாசலில் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது, காலையும் துடைத்தால்தான் உள்ளே விடுவார். தையல் கூலியைச் சேர்த்து அவரே கட்டிய வீடு. ஒவ்வொரு சுவரையும் எந்த வருஷம் எழுப்பினார் என்று கேட்காமலே சொல்வார்.

நான் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டுக்குப் படியேறித்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் ரோடு போடுவதென்றால் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுவதுதான். பழையதைச் சுரண்டி எடுப்பது என்ற பேச்சே கிடையாது. அதனால் ரோடு ஏற ஏற, படிகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் போயின. கொஞ்ச காலம் அண்ணி வீட்டுக்குள் சமதரையில் நடந்து போனோம். அப்புறம் இறங்கிப் போனோம். மழைத் தண்ணீர் வராமல் இருக்க வாசலில் செங்கல் வைத்து ஒரு தடுப்புக் கட்டிக்கொண்டார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், முன்பிருந்த மெம்பர்கள் காலத்தில் கான்ட்ராக்டர்கள் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியைப் போட்டார்கள். அந்த ரோடு ஒரு மழைக்குக் காணாமல் போகும். அண்ணி வீட்டு வாசலும் பிழைத்துக் கிடந்தது. இவர் வந்து கம்பியைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் ஒழுங்காகப் போட வைத்தார். ஊருக்கு நல்ல ரோடு கிடைத்தது. வாசல் போயிற்று.

பஸ் கேட்டது அண்ணிதான். தைத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடக்க அவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. "நீ மெம்பராகி என்னடா பிரயோஜனம், அக்காவுக்கு ஒரு பஸ் கொண்டு வர முடியல" என்று கேலியாகத்தான் சொன்னார். இவர் அதைக் காதில் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். கடைசியில் எங்கள் தெரு வழியாக பஸ் விட ஒத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை, பஸ் தாங்குகிற கனத்தில் ரோடு போட்டுத் தர வேண்டும்.

செய்தியைச் சொல்ல இவர் ஓடினார். நானும் கூடப் போயிருந்தேன். அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. தம்பி தலையைத் தடவிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா தம்பி, போடறதுக்கு முன்னாடி பழசைச் சுரண்டி எடுத்துட்டுப் போடக் கூடாதா?"

"சுரண்டற மெஷின் இங்க இல்லக்கா. வெளியூர்லேர்ந்து வரணும். டெண்டர்லயும் அது இல்ல. இப்பப் போய் அதைக் கிளப்பினா வேலை அடுத்த வருஷத்துக்குப் போயிடும். பஸ்ஸைத் தூக்கி வேற தெருவுக்குக் கொடுத்துடுவாங்க."

"அப்ப தண்ணி?"

"ஓரத்துல கால்வாய் கேட்டிருக்கேன். அது வந்துட்டா உன் வாசலை ஒரு சொட்டு எட்டிப் பார்க்காது."

"கால்வாய் முதல்ல வருமா, ரோடு முதல்ல வருமா?"

"ரெண்டும் வந்துடும்க்கா."

அண்ணி நூலின் நுனியைப் பல்லில் கடித்தார். "சரிடா" என்றார்.

கால்வாய் வேறொரு குழுவின் வேலை. அவர்களுக்கு அவசரம் இல்லை. ரோடு முதலில் வந்தது.

தார் போட்ட அன்று நல்ல வெயில். வேலையாட்களுக்கு அண்ணிதான் குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்தார். மேஸ்திரியின் கையுறை தையல் விட்டிருந்தது. அதை வாங்கி மெஷினில் ஓட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது தணிந்த குரலில் ஒன்று கேட்டிருக்கிறார். "என் வாசல்ல மட்டும் கொஞ்சம் மெல்லிசா போடுங்கய்யா. வீடு ரொம்பப் பள்ளத்துல போயிடுச்சு." மேஸ்திரி வீட்டையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார். மேட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைக் குறைத்து, வாசலைத் தாண்டியதும் மறுபடி கூட்டி, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் இழுத்துவிட்டார். அது தேர்ந்த கைவேலை, கெட்ட வேலை இல்லை. ஆனால் எனக்கோ இவருக்கோ அது அப்போது தெரியாது.

குழு வந்தது. இவர் அங்கங்கே கம்பியை இறக்கினார். எல்லா இடத்திலும் கோடு மறைந்தது. கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டு வந்தார். எதிர்க்கட்சி மெம்பர் ஒருவர், எப்போதும் கறுப்புக் கண்ணாடியோடு திரிகிறவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "தலைவரே, உங்க அக்கா வீட்டு வாசல்லயும் ஒரு குத்து குத்திடுங்க. நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாது பாருங்க" என்றார்.

"அதுக்கென்ன, தாராளமா" என்று இவர் போய்க் குத்தினார். சிவப்புக் கோடு பளிச்சென்று வெளியே நின்றது.

நான் கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். கான்ட்ராக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நிமிஷம் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார். "என் பேரைக் கெடுக்கத்தான் வந்தியா? இனிமே என் வேலைப்பக்கமே தலைவச்சுப் படுக்காதே!" மேஸ்திரி கையுறையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணி வாசல் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு ரோட்டுக்கு ஏறி வந்தார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கேட்டேன். என் வாசலுக்காகத்தான் குறைச்சுப் போட்டார்."

கறுப்புக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓ, அக்கா சொல்லித்தானா" என்றார். அதற்கு மேல் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தெருவே கூடி நின்று இவர் முகத்தைப் பார்த்தது. இவர் அக்காவைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கம்பியின் நுனியில் ஒட்டியிருந்த தாரைத் துணியால் துடைத்தார்.

"மேஸ்திரியை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது" என்றார் கான்ட்ராக்டரிடம். "ஆனா இந்த இடத்தைப் பிரிச்சு எடுத்துட்டு முழுக் கனம் போடணும். இப்பவே."

அண்ணி இறங்கி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ரோலர் மறுபடி வந்து வாசலில் உருண்டு முடிகிறவரை அந்த மெஷின் நிற்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் நான் அவரைச் சும்மா விடவில்லை.

"பெத்த தாய் மாதிரி பார்த்துக்கிட்டவங்க. அவங்க வாசல்ல கொஞ்சம் மெல்லிசா இருந்தா ஊரு முழுகிடுமா?"

"அக்காவுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? நாளைக்கு எந்தக் கான்ட்ராக்டர் முன்னாடி நான் போய் நிப்பேன்? அதோட மெல்லிசா விட்டா பஸ் ஏறி ஏறி அங்கதான் முதல்ல பள்ளம் விழும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"ஏங்க, ரோடு கீழ எவ்வளவு இருக்குன்னு பார்க்க உங்ககிட்ட கம்பி இருக்கு. மேல எவ்வளவு ஏறிடுச்சுன்னு பார்க்க ஒண்ணும் இல்லையா?"

அத்தனை வருஷமாக அவருடைய குழுவில் யாரும் கேட்காத கேள்வி அது. ஜெராக்ஸ் கடைக்காரிக்குத் தோன்றியது அவர்களுக்குத் தோன்றவில்லை என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். எனக்கும் அன்றைக்குத்தான் தோன்றியது. ஒரு ரோடு முன்னால் தோன்றியிருக்கலாம்.

பஸ் ஓடத் தொடங்கியது. தெருவே கொண்டாடியது. கால்வாய்க்குக் கோடு மட்டும் கிழித்துவிட்டுப் போனார்கள். மழை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. அண்ணி ஒரு மூட்டை தைத்து முடித்து அந்த பஸ்ஸில் ஏறுவதற்குள் கொட்டிவிட்டது.

ரோட்டில் விழுந்த தண்ணீரெல்லாம் தாழ்ந்த கோடிக்கு ஓடி, தடுப்பைத் தாண்டி அண்ணி வீட்டுக்குள் இறங்கியது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் முன்னறையில் முழங்கால் தண்ணீர். வெட்டி அடுக்கி வைத்திருந்த நர்ஸ் உடுப்புகள் மேஜைக்கடியில் மிதந்தன. வெள்ளைத் துணி எல்லாம் ரோட்டுத் தண்ணீரில் கறுத்துப் போயிருந்தது. மெஷின்களின் மோட்டார் தண்ணீருக்குள். இவர் வாளியால் வாரி வாரி வெளியே கொட்டினார். ஒவ்வொரு பஸ் போகும்போதும் சக்கரம் தள்ளிய தண்ணீர் மறுபடி உள்ளே வந்தது. ரோடு மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு பள்ளம் கிடையாது, ஒரு விரிசல் கிடையாது.

"விடுடா தம்பி, கை வலிக்கப் போவுது" என்றார் அண்ணி. கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் விடவில்லை. வாரிக்கொண்டே அழுதார். மழைத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்வோம் என்று எண்ணியிருப்பார் போலிருக்கிறது.

அதன் பிறகு இவர் சும்மா இருக்கவில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் இனி எந்தத் தெருவிலும் தார் போடக் கூடாது என்று நகராட்சியில் தீர்மானம் கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடிக்காரர்கூடக் கை தூக்கினார். முதல் தெருவாக எங்கள் தெருவை எடுக்க வேண்டும் என்று இவர் கேட்டார். பஸ்ஸை விட்டால், தனக்கு வேண்டியவர்களுக்கென்று அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். இன்ஜினியர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "சார், அது புது ரோடு. கான்ட்ராக்டர் உத்தரவாதம் கொடுத்திருக்கிற காலம் முடியிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த விதியை நீங்கதானே சண்டை போட்டுக் கொண்டு வந்தீங்க?"

அண்ணிக்கு ஈரச் சுவரில் இருமல் வந்துவிட்டது. வெளியூரில் இருக்கிற மகள் வந்து கூப்பிட்டாள். மெஷின்களைக் கேட்ட விலைக்குக் கொடுத்தார். "எங்க வீட்டுக்கு வந்துடுக்கா" என்று இவர் கெஞ்சினார். "தினம் என் முகத்தைப் பார்த்தா நீ சோறு திங்க மாட்டே. போயிட்டு வரேன்டா" என்றார் அண்ணி. அவருக்குக் கோபம் இல்லை. கோபித்திருந்தால் இவர் தப்பித்திருப்பார்.

போகிற அன்று பஸ் அவர் வாசலிலேயே நின்றது. இவர் மூட்டையை ஏற்றிவிட்டு, கையைக் கொடுத்து ஏற்றினார். வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறத்தான் சிரமப்பட்டார். ரோட்டிலிருந்து பஸ்ஸுக்குச் சுலபமாக ஏறிவிட்டார்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அண்ணி போன் செய்தார். இவர் நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன்டா தம்பி. நம்ம தெரு ரோடு என்னமா இருக்கு தெரியுமா! அதைத் தாண்டினதும்தான் குலுக்க ஆரம்பிச்சுது. நம்ம தெருவுல முட்டிக்கு ஒரு வலியும் தெரியல. நல்லாப் போட்டிருக்கேடா."

குத்திக்காட்டவில்லை. அண்ணிக்கு அது வராது. தம்பி போட்ட ரோட்டில் முதல் தடவையாக பஸ் ஏறிப் போனதை நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார்.

"சரிக்கா" என்றார் இவர்.