அரை மூட்டை யூரியா

அந்த வருஷம் வள்ளிக்கண்ணுவின் சூரியகாந்தி ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். உப்பிலியபுரத்தில் பார்த்தவர்களெல்லாம் விதை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். எப்படி வளர்த்தாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல அவளிடம் இருபது வருஷத்துச் சண்டை ஒன்று இருந்தது.

அவள் ஆட்டுக்கிடை கட்சி. நாலு நாள் ஆடுகளை வயலில் மடக்கிப் போட்டால் மண் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பாள். புருஷன் வீரமலை யூரியா கட்சி. "உன் புழுக்கைய நம்பினா பூ சட்டைப் பொத்தான் சைஸுலதான் வரும்" என்பார். அவர் பேச்சைக் கேட்ட வருஷம் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து காற்றுக்குப் படுத்துக்கொண்டது. அவள் பேச்சைக் கேட்ட வருஷம் பூ உள்ளங்கையைத் தாண்டவில்லை.

போன தையில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். எதிர்த்துப் பேச ஆளில்லாத வீட்டில் ஜெயித்து என்ன செய்ய? கிடையும் போட்டாள். முப்பதாம் நாள் களையெடுத்து, ஏக்கருக்கு அரை மூட்டை யூரியாவும் வைத்தாள்.

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் அவளுக்கு இயற்கை விவசாய விருது. மண்காப்போர் பேரவைத் தலைவர் ஜெயக்குமார் தமக்குத் தாமே 'இயற்கைச் செம்மல்' பட்டம் கொடுத்து, அதை இருபதடி பிளாஸ்டிக் பேனரில் அடித்துக் கட்டியிருந்தார். யூரியா விஷயம் எப்படியோ காதுக்கு எட்டியிருக்க, வயலிலிருந்து ஒரு பூவோடு வந்தவளை மேடைக்குப் பின்னால் ஓரங்கட்டினார்.

"கிடை போட்டத மட்டும் சொல்லுங்கம்மா. யூரியா பேச்சே எடுக்காதீங்க."

"அது எங்க வீட்டுக்காரர் பங்குங்க."

"அவரு எங்க?"

"போயிட்டாருங்க."

"அப்பத் தப்பா நினைக்க மாட்டாரு."

மைக் ஒருமுறை கீச்சிட்டு ஓய்ந்தது.

"கிடை போட்டேன். அது மட்டும் பத்தல. அரை மூட்டை யூரியாவும் வெச்சேன். அது எங்க வீட்டுக்காரர் சொன்னது. அவரு சொன்னதுல பாதி சரிங்க."

ஜெயக்குமார் முகம் வெளுத்தது. சபையோ கைதட்டியது. முன்வரிசை செல்ஃபியில் இருந்தது; பின்வரிசைக்குப் பந்தியில் இலை போடும் சத்தம் கேட்டுவிட்டது. அவள் நிறுத்திய இடத்தில் தட்டினார்கள், அவ்வளவுதான். உயிர் திரும்பிய ஜெயக்குமார் மைக்கை வாங்கினார். "ஒரு பிடி ரசாயனம் படாத மண்ணு. அம்மாவே சொல்லிட்டாங்க." அதற்கும் தட்டினார்கள்.

துறையூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலி. அதில் பூவை வைத்தாள்.

"பூவுக்கும் ஒரு டிக்கெட் போட்டுடலாமாம்மா? என்ன உரம் போடுறீங்க இதுக்கு?" என்றார் கண்டக்டர்.

அவள் வாயெடுப்பதற்குள் விசிலடித்துக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார்.

பொழுது சாய வீடு வந்து சேர்ந்தாள். 'முழுக்க முழுக்க இயற்கை' என்று அச்சடித்த சான்றிதழை அரிசி டின்னுக்கு மூடியாகப் போட்டுவிட்டு, பூவை வீரமலையின் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தாள்.

"ஏங்க, நீங்க சொன்னது பாதி சரி. ஊரறியச் சொல்லிட்டு வந்துட்டேன்."

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"மீதிப் பாதி நான் சொன்னது. அத இப்பவாவது ஒத்துக்கலாம்ல?"

படத்திலிருந்தவர், வழக்கம்போல, ஒத்துக்கொள்ளவில்லை.